கிழங்குக்கும் குளிரும்

பொங்கல் முடிந்து மூன்று வாரம் ஆனால் இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்களின் ருசியே மாறிவிடும். அதுவரை அரசியலும் சினிமாவும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், சீராக வந்து மூலையில் கிடக்கும் சீனிக்கிழங்கை என்ன செய்வது என்று கேட்க ஆரம்பிப்பார்கள். இந்த முறை அந்த வகைக் கடிதங்களே அதிகம் என்பதால், பகுதி முழுவதையும் கிழங்குக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். சினிமாக் கேள்வி அனுப்பியவர்கள் ஒரு வாரம் பொறுக்கவும். நட்சத்திரங்கள் அதற்குள் அழுகிவிட மாட்டார்கள்.

பெயர் போடாதீர்கள், பாளையங்கோட்டை: அம்மா வீட்டுப் பொங்கல்படியோடு ஒரு பை சீனிக்கிழங்கு வந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று ஃபிரிட்ஜில் வைத்தேன். இரண்டு வாரம் கழித்து எடுத்து அவித்தால் ஓரமெல்லாம் வெந்து, நடுவில் மட்டும் கட்டையாக நிற்கிறது. எட்டு விசில் விட்டும் மசியவில்லை. ‘உங்க ஊர்க் கிழங்கே இப்படித்தானா?’ என்கிறார்கள் மாமியார். என்ன பதில் சொல்ல?

ஊர் மேல் பழி விழ விடாதீர்கள். குற்றவாளி ஃபிரிட்ஜ்.

சீனிக்கிழங்கு என்கிற சர்க்கரைவள்ளி வெப்பநாட்டுப் பயிர். மத்திய அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவின் வடபகுதியிலும் பிறந்து, கப்பலேறி நம் பக்கம் வந்தது. தோண்டி எடுத்த பிறகும் அதற்கு உயிர் உண்டு. மூச்சு விடும், காயம் பட்டால் ஆற்றிக்கொள்ளும், குளிர் பட்டால் நொந்தும் போகும். 12 டிகிரி செல்சியசுக்குக் கீழே நாள்கணக்கில் இருந்தால் அதன் திசுக்கள் சேதமாக ஆரம்பிக்கும். வீட்டு ஃபிரிட்ஜின் உள்ளே சுமார் 4 டிகிரி. ஓரிரு நாள் தாங்கும். வாரக்கணக்கானால் நடுப்பகுதி இறுகி, எத்தனை விசில் விட்டாலும் இளகாத நிலைக்குப் போய்விடும். சில கிழங்கு உள்ளே பழுப்பாகும். சில, வெளியே எடுத்து வைத்ததும் மளமளவென்று பூசணம் பூக்கும். இதில் பெரிய தொந்தரவு, வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது என்பதுதான். அடுப்பில் ஏற்றிய பிறகுதான் வண்டவாளம் வெளிவரும்.

கிழங்குக்குப் பிடித்த தட்பவெப்பம் 13 முதல் 16 டிகிரி, காற்றில் ஈரம் 85 முதல் 90 சதவீதம். பாளையங்கோட்டையில் அப்படி ஓர் இடம் இருந்தால் அங்கே கிழங்குக்கு முன்னால் நானே குடிபோய்விடுவேன். ஆகவே இருப்பதில் குளுமையான மூலை, வெளிச்சம் படாத இடம், காற்றோட்டமுள்ள ஒரு மூங்கில் கூடை போதும். அடுப்புக்குப் பக்கம் வேண்டாம். ஃபிரிட்ஜின் தலைமேலும் வேண்டாம், அங்கே சூடு அதிகம். பிளாஸ்டிக் பையில் வாயைக் கட்டி வைத்தால் தன் மூச்சு ஈரத்திலேயே நனைந்து அழுகும். தை, மாசியில் இரண்டு வாரம், கிழங்கு நல்ல கிழங்கானால் மூன்று வாரம்கூட இருக்கும். சித்திரையில் ஒரு வாரத்துக்கே நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

மாமியாரிடம் ‘ஃபிரிட்ஜ்தான் காரணம்’ என்று தைரியமாகச் சொல்லுங்கள். அந்த ஃபிரிட்ஜ் யார் வீட்டுச் சீர் என்று அவர்கள் திருப்பிக் கேட்டால் எனக்கு மறுபடி எழுதாதீர்கள்.

ஒரு குடும்பத் தலைவர், கோவை: உருளைக்கிழங்கு, வெங்காயம், சர்க்கரைவள்ளி மூன்றையும் ஒரே கூடையில் போட்டு வைக்கிறாள் என் மனைவி. சரிதானே?

கூடையை வாங்கிக் கொடுத்தது நீங்கள்தானே? இன்னும் இரண்டு வாங்குங்கள். உருளை இன்னும் குளுமையை விரும்பும், வெங்காயம் வறண்ட காற்றைக் கேட்கும், சர்க்கரைவள்ளிக்கு இரண்டும் ஆகாது. பழுத்த வாழைப்பழத்தையும் பக்கத்தில் வைக்காதீர்கள். பழம் விடுகிற எத்திலீன் வாயு கிழங்கின் ருசியையும் நிறத்தையும் கெடுக்கும்.

கிழங்கு என்கிற ஒரே காரணத்தால் உருளையும் இதுவும் உறவு என்று நினைத்துவிடாதீர்கள். உருளை மண்ணுக்குள் பருத்த தண்டு, கத்தரிக்காய்க் குடும்பம். சர்க்கரைவள்ளி பருத்த வேர். அதன் பங்காளிகள் கடற்கரை மணலில் படரும் அடும்பும், குளத்தங்கரையெல்லாம் பிடித்துக்கொண்ட நெய்வேலிக் காட்டாமணக்கும். பூவைப் பார்த்தால் சாயல் தெரியும், எல்லாமே ஊதா புனல்தான்.

கல்லூரி மாணவி, கும்பகோணம்: நறுக்கினால் வெள்ளையாகப் பால் வடிகிறது. விஷமா?

இல்லை. கிழங்கு புதிது என்பதற்கு அதுவே அத்தாட்சி. விரலில் பிசின்போல ஒட்டிக்கொண்டு தொந்தரவு செய்யும். எண்ணெய் தொட்டுக்கொண்டு நறுக்குங்கள்.

சந்தைக்குப் போகும் கணவன், திண்டுக்கல்: எதை வாங்கிப் போனாலும் ‘சொத்தை’ என்று திட்டு விழுகிறது. வாங்கும்போதே கண்டுபிடிக்க வழி உண்டா?

உண்டு. முதல் வேலை, பளபளவென்று கழுவி அடுக்கியிருக்கிற கடையைத் தாண்டிப் போங்கள். மண்ணோடு இருக்கிற கிழங்குதான் நாள்பட நிற்கும். கழுவும்போது தோல் உரசிப் புண்ணாகும், அந்த ஈரம் காயவும் காயாது. நீங்களும் வீட்டில் கழுவி வைக்காதீர்கள், சமைக்கிற அன்று குளிப்பாட்டினால் போதும்.

அடுத்து, ஒவ்வொன்றையும் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். குண்டூசியால் குத்தியது போலச் சின்னச் சின்னத் துளை தெரிகிறதா? அது கூன்வண்டின் கைங்கரியம். இந்த வண்டைப் பார்த்திருக்கிறீர்களா? கட்டெறும்பு என்று நினைத்து ஊதித் தள்ளிவிடுவீர்கள். அருகே வைத்துப் பார்த்தால் தலையும் வயிறும் கருநீலம், நடுமார்பும் கால்களும் செம்பவழ நிறம், முன்னால் நீண்ட மூக்கு. அழகுதான். பெண் வண்டு கிழங்கைக் குடைந்து ஒவ்வொரு குழியிலும் முட்டை வைத்து, மேலே மூடியும் போட்டுவிடும். உள்ளே வெள்ளைப் புழு சுரங்கம் தோண்டிக்கொண்டே போகும், பின்னால் தன் கழிவையே அடைத்துக்கொண்டு. வெளியே இரண்டு துளைதான் தெரியும், நடுவே பிளந்தால் கரும்பச்சையும் பழுப்புமாக ஒரு சல்லடை. இந்த வண்டு வயலோடு நின்றுவிடாது, உங்கள் கூடைக்குள்ளும் குடும்பம் பெருக்கும். அதனால் ‘ஒன்றுதானே’ என்று சொத்தைக் கிழங்கை நல்லதோடு சேர்த்துப் போடாதீர்கள்.

நடுத்தர அளவாக, கனமாக, இரண்டு நுனியும் கெட்டியாக இருப்பதை எடுங்கள். மண்வெட்டி பட்டு வெட்டுண்டதை வாங்கினால் அன்றே சமைத்துவிடுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் திட்டு விழுந்தால் அது கிழங்குக்காக இல்லை.

ஆசிரியர் (ஓய்வு), விழுப்புரம்: கிழங்கு கெட்டுவிட்டதா இல்லையா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல ஒரு சூத்திரம் தாருங்கள்.

பார்த்த மாத்திரத்தில் என்பதுதான் தகராறு, ஐயா. கண் இந்த விஷயத்தில் நம்பகமான சாட்சி இல்லை. சுருங்கிப் போன கிழங்கைப் பார்த்தால் செத்துவிட்டது என்று தோன்றும். உண்மையில் அது கொஞ்சம் தண்ணீரை இழந்திருக்கிறது, அவ்வளவுதான். நார் கூடியிருக்கும், கெட்டியாக இருக்கும்வரை சாப்பிடலாம். வெட்டி வைத்த துண்டு காற்றுப்பட்டுக் கறுப்பதும் கேடு இல்லை, வாழைக்காய் கறுப்பது போலத்தான். நறுக்க நறுக்கத் தண்ணீரில் போட்டால் கறுக்காது.

தோலில் கறுப்புப் படை இருந்தால் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். தோலோடு வந்துவிட்டால் அழகுக் குறைவு மட்டுமே, சீவிவிட்டுச் சமைக்கலாம். கறுப்பு வட்டமாகக் குழிந்து சதைக்குள் இறங்கியிருந்தால் அது கருப்பழுகல். அதை வைத்துக்கொண்டு யோசிக்க வேண்டாம்.

கட்டைவிரல்தான் நல்ல சாட்சி. அழுகல் பெரும்பாலும் நுனியிலோ அடிபட்ட இடத்திலோ ஆரம்பிக்கும், அங்கே அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அமுங்கினால், விரலில் நீர் கசிந்தால், முடிந்தது. மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் புளித்த கள் வாடை வரும். இன்னும் இரண்டு நாள் விட்டால் வெடிப்பிலிருந்து சாம்பல் நிறத்தில் பூசணம் மயிர்போலக் கிளம்பி, அதன் நுனியில் கறுப்புப் புள்ளிகள் நிற்கும். இந்த மென்அழுகல் ஒரு பக்கம் ஆரம்பித்தால் சில நாளில் முழுக்கிழங்கையும் கூழாக்கிவிடும். ‘பாதி நன்றாக இருக்கிறதே’ என்ற வாதம் இங்கே செல்லாது. அது தொட்டுக்கொண்டிருந்த கிழங்குகளையும் எடுத்துத் துடைத்து முதலில் அவற்றைச் சமையுங்கள்.

விரலும் மூக்கும் ஏமாந்தால் கடைசி நீதிமன்றம் நாக்கு. வெந்த கிழங்கு கசந்தால் துப்பிவிடுங்கள். அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. ஏன் என்பதை அடுத்த பதிலில் சொல்கிறேன், அதைக் கேட்டவர் வயதில் மூத்தவர்.

ஒரு பாட்டி, மன்னார்குடி: எங்கள் காலத்தில் சொத்தையை வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிட்டோம். எண்பது வயதிலும் நன்றாகத்தான் இருக்கிறேன். இந்தக் காலத்தில் எதற்கெடுத்தாலும் பயம்!

நீங்கள் நன்றாக இருப்பது எங்கள் பாக்கியம். ஆனால் உங்கள் நாக்கைக் கேட்டுப் பாருங்கள், அன்றைக்குச் சில துண்டுகளை நீங்களே தூ என்று துப்பியிருப்பீர்கள்.

வண்டு கடித்தாலோ பூசணம் தொற்றினாலோ கிழங்கு சும்மா இருப்பதில்லை. எதிரியை விரட்ட ஒரு கசப்பு மருந்தைத் தன் உடம்பிலேயே தயாரிக்கும். இப்போமியமரோன் என்பது அதில் முக்கியமானது. ஈரலுக்கு ஆகாத சரக்கு. அது சொத்தையோடு நிற்காமல் சுற்றியுள்ள, பார்ப்பதற்கு நன்றாக இருக்கும் சதையிலும் ஊறியிருக்கும். அவித்தாலும் சுட்டாலும் முழுதாகப் போகாது. ஆகவே ஓரமாக ஒரே ஒரு சின்னச் சொத்தை என்றால் சுற்றிலும் இரண்டு விரல் அகலம் தாராளமாக வெட்டித் தள்ளி, மீதியில் ஒரு துண்டை அவித்து ருசி பாருங்கள். கசப்பில்லை என்றால் சமையுங்கள். கசந்தால் குப்பை. வெல்லப்பாகு ஊற்றிக் கசப்பை மறைத்துப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்கிற வேலை மட்டும் வேண்டாம், பாட்டி. துளை துளையாக இருக்கிற கிழங்குக்கு இந்தச் சலுகையும் கிடையாது.

பால்மாடு வைத்திருப்பவர், கோபி: எங்களுக்கு ஆகாத கிழங்கை வீணாக்குவானேன்? மாட்டுக்குப் போட்டுவிடுகிறோம்.

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் விளையாட்டுப் பேச்சு இல்லை. போடாதீர்கள்.

பூசணம் பிடித்த சீனிக்கிழங்கைத் தின்ற மாடுகள் செத்திருக்கின்றன. கிழங்கு தயாரித்த கசப்புப் பொருளை ஒருவகைப் பூசணம் சிதைக்கும்போது 4-இப்போமியனால் என்கிற நச்சு உண்டாகிறது. அது குறி வைப்பது மாட்டின் நுரையீரலை. தின்ற ஒரு நாளுக்குள் மாடு மேல்மூச்சு வாங்கும், கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறும், நுரை தள்ளும். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதால் சில நாளில் உயிர் போய்விடலாம். இதற்கென்று மாற்று மருந்து கிடையாது. பூசணம் லேசாகத்தான் இருந்தது என்பது ஒரு சமாதானமும் இல்லை. அப்படி ஏதாவது தின்றுவிட்டது தெரிந்தால், மூச்சு வாங்கும்வரை காத்திருக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

நல்ல கிழங்கையும் நல்ல கொடியையும் தாராளமாகப் போடலாம். கிழங்கைத் துண்டு போட்டுக் கொடுங்கள், முழுசாக விழுங்கித் தொண்டையில் சிக்க வைத்துக்கொள்ளும். அழுகினதையும் வண்டு விழுந்ததையும் தோட்டத்து ஓரம் வீசாமல் ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள். வீசினால் அடுத்த வெள்ளாமைக்கும் வண்டை நீங்களே விதைத்த மாதிரி.

பிரம்டனிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்தார்: மலிவாக் கிடக்குதெண்டு வத்தாளங்கிழங்கு ஒரு பெட்டி வாங்கினனாங்கள். ஃபிரிட்ஜுக்குள்ள வைக்கக்கூடாதெண்டு கேள்விப்பட்டு கராஜுக்குள்ள வைச்சம். அதுவும் பழுதாப் போச்சு. ஏன்?

கனடாவின் தை மாதத்துக் கராஜ், ஃபிரிட்ஜைவிடப் பெரிய ஃபிரிட்ஜ் அல்லவா? அங்கே கிழங்கு உறைந்தே போயிருக்கும். பெட்டியை பேஸ்மென்டில், ஹீட்டருக்குத் தள்ளி ஓர் இருட்டு மூலையில் வையுங்கள். பாளையங்கோட்டை அம்மாவுக்குக் கிடைக்காத 15 டிகிரி உங்களுக்குச் சும்மா கிடைக்கிறது. அங்கே கடைக்கு வரும் கிழங்கு பதம் பண்ணி வருவது வழக்கம் என்பதால் மாதக்கணக்கில் இருக்கும். வாரத்துக்கு ஒருதரம் பெட்டியைக் கிளறி, மெத்தென்று ஆனதைப் பொறுக்கி எறிந்தால் போதும்.

கிழங்கு விவசாயி, தென்காசி மாவட்டம்: அது என்ன ‘பதம் பண்ணுவது’? தோண்டின அன்றே வியாபாரி கேட்கிற விலைக்குத் தள்ளிவிட வேண்டியிருக்கிறது. கொஞ்சம் வைத்து விற்க வழி இருந்தால் சொல்லுங்கள்.

வழி இருக்கிறது. அதில் பாதியை நம் வெயிலே இலவசமாகச் செய்து கொடுக்கும். தோண்டியெடுத்த கிழங்கை 30 டிகிரி வெப்பத்தில், 85 முதல் 90 சதவீத ஈரக்காற்றில், 4 முதல் 7 நாள் வைப்பதுதான் பதம். அந்த நாட்களில் கிழங்கு தன் சிராய்ப்புகளின் மேல் தக்கை போன்ற புதுத்தோலைப் போர்த்திக்கொள்ளும். பிறகு பூசணம் உள்ளே நுழைய வாசல் இருக்காது, தண்ணீரும் சீக்கிரம் வற்றாது. குளிர்நாட்டில் இதற்கு அறையைச் சூடாக்கக் காசு செலவழிக்கிறார்கள். உங்களுக்கு நிழலான கொட்டகையும், அவ்வப்போது தண்ணீர் தெளித்த கோணிப்படுதாவும் போதும். கோணி ஈரமாக இருக்கலாம், கிழங்கு நனையக்கூடாது. வெயிலில் பரப்பி வைப்பது பதம் அல்ல, வதக்கல்.

தோண்டுவதற்குச் சில நாள் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். வெட்டுப்பட்டதையும் துளை விழுந்ததையும் அன்றே பிரித்துவிடுங்கள். பதமானதை உலர்ந்த மணலோ வைக்கோலோ இட்டு அடுக்கடுக்காக வைக்கலாம். மணல் வண்டையும் ஓரளவு தடுக்கும். அதற்குப் பிறகு வேண்டியது அந்த 13 முதல் 16 டிகிரி. அதுதான் நம்மிடம் இல்லாத பாதி. அமெரிக்காவில் அதிகமாகச் சீனிக்கிழங்கு விளைவது வட கரோலினாவில். அங்கே பதம் பண்ணிக் கட்டுப்பாட்டுக் கிடங்கில் வைத்து ஆண்டு முழுக்க விற்கிறார்கள். நியூசிலாந்தின் மாவோரிகள் எந்த இயந்திரமும் இல்லாமல், மண்ணுக்குள் குழி எடுத்துக் கூரை போட்டு, நீர் வடிய வாய்க்கால் வெட்டி, தங்கள் குமராக் கிழங்கைப் பனிக்காலம் முழுதும் காத்தார்கள். குளிரிலிருந்து காப்பது அவர்கள் பாடு, சூட்டிலிருந்து காப்பது நம் பாடு. குளிர்பதனக் கிடங்கு கட்டுகிறவர்கள் உருளைக்கும் மிளகாய்க்கும் காட்டுகிற கவனத்தில் கொஞ்சம் சீனிக்கிழங்குக்கும் காட்டினால், பொங்கலுக்கு முந்தின வாரம் ஒரு விலை, பிந்தின வாரம் ஒரு விலை என்கிற கூத்து குறையும். விதைக்கொடி, ரகம், சேமிப்பு எல்லாவற்றுக்கும் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தை நீங்கள் கேட்கலாம். 1963-லிருந்து அவர்களுக்கு இதே வேலை, தென்காசியிலிருந்து ரொம்பத் தூரமும் இல்லை.

புதுக்கல்யாணம், சேலம்: பொரியல் பச்சை நிறமாகிவிட்டது! நான் எதுவும் செய்யவில்லை.

ஆப்பசோடா ஒரு சிட்டிகை போட்டீர்கள். கிழங்கில் இருக்கிற குளோரோஜெனிக் அமிலம் காரத்தோடு சேர்ந்தால் பச்சை, இரும்புச் சட்டியோடு சேர்ந்தால் கருஞ்சாம்பல். இரண்டும் கேடு இல்லை. வண்ணப் பொரியல் என்று பெயர் வைத்துப் பரிமாறுங்கள்.

மாடித்தோட்டக்காரர், வேளச்சேரி: முளை விட்டுவிட்டது. முளைத்த உருளையைத் தின்னக்கூடாது என்பார்களே, அதே சட்டமா?

அந்தச் சட்டம் உருளை வீட்டோடு சரி. முளைத்த உருளையிலும் பச்சை பூத்த உருளையிலும் சோலனைன் நச்சு சேரும். சீனிக்கிழங்கில் அது இல்லை. முளையைக் கிள்ளிவிட்டுச் சமைக்கலாம், இனிப்பு கொஞ்சம் குறைந்திருக்கும். கிள்ளாமல் ஈரமணலில் புதைத்தால் கொடி ஓடும், அதில் ஒரு சாண் நீளம் நறுக்கித் தொட்டியில் ஊன்றுங்கள். நாலு மாதத்தில் கிழங்கு, அதுவரை இலையைக் கீரையாகக் கடையலாம்.

சர்க்கரைப் பிரியர், காரைக்குடி: பெயரில் இருக்கிற சர்க்கரை கிழங்கில் இல்லையே?

அவசரம்தான் காரணம். கிழங்கிலுள்ள மாவை மால்டோஸ் என்னும் சர்க்கரையாக மாற்றும் நொதி அதற்குள்ளேயே இருக்கிறது. கிழங்கு மெதுவாகச் சூடேறும்போது, ஏறக்குறைய 60 முதல் 80 டிகிரிக்குள் அது மும்முரமாக வேலை செய்யும். குக்கர் அந்தக் கட்டத்தைத் தாவிக் குதித்துப் போய்விடுகிறது. இட்லிச் சட்டியில் சிறுதீயில் அவியுங்கள், அல்லது தணலில் புதைத்துச் சுடுங்கள். தோண்டின அன்றே தின்னாமல் பத்து நாள் விட்டுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியும்.

ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்: ஞாயிறு அவித்து வெள்ளிவரை சாப்பிடுகிறேன். வெந்ததையும் ஃபிரிட்ஜில் வைக்கக்கூடாதா?

வெந்ததற்கு ஃபிரிட்ஜ்தான் வீடு, அதற்கு இனி உயிரில்லை, குளிராது. ஆறியதும், இரண்டு மணி நேரத்துக்குள், டப்பாவில் போட்டு உள்ளே வையுங்கள். புதன்கிழமைக்குள் தின்று முடியுங்கள். தேங்காய் துருவிப் போட்ட சுண்டல் என்றால் அன்றைக்கே. வெள்ளிக்கிழமையும் அதே கிழங்குதான் வேண்டும் என்றால், மசித்து ஃப்ரீசரில் போட்டு வையுங்கள். பச்சைக் கிழங்கை மட்டும் ஃப்ரீசரில் போடாதீர்கள், எடுத்தால் சொதசொதவென்று இருக்கும்.

மனைவி, மயிலாப்பூர்: வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. மருத்துவர் ‘அளவோடு’ என்றார், அவர் அகராதியில் அந்தச் சொல் கிடையாது. கிழங்கு கெட்டுப்போய்விட்டது, எறிந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். எங்கே ஒளித்து வைக்க?

அவர் முதலில் தேடப்போவது ஃபிரிட்ஜில். அங்கே வைக்கக்கூடாது என்று ஏற்கெனவே சொல்லிவிட்டதால் உங்களுக்குப் பிரச்சினை இல்லை. கட்டிலுக்கடியில், கோணி போர்த்திய கூடையில் வையுங்கள், இருட்டும் காற்றும் இரண்டுமே கிடைக்கும். மூன்றாவது வாரம் வந்தால் மட்டும் எடுத்துவிடுங்கள். முளை கிளம்பி, கட்டில் ஓரமாக வெளிச்சத்தைத் தேடி வந்து காட்டிக்கொடுத்துவிடும்.